ஆப்பிரிக்கா போற தம்பிக்கு என்ன ஊசி போடணும் டாக்டர்?

நீளமான த்ரெட். வீட்டிலோ தெருவிலோ சொந்தத்திலோ யாராவது ஆப்பிரிக்க நாடுகளுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தால் கடைசி வரை படிங்க. சேமித்து வைத்துக்கொண்டாலும் சரி.

கொடைக்கானலில் சீசன் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை. மழையும் பனியும் சேர்ந்து அடித்ததால் ஓபியில் கூட்டம் கம்மி. அண்ணன் தம்பி இரண்டு பேர் வந்து உட்கார்ந்தார்கள். கீழ்மலைக்காரர்கள். மலை வாழை, காபி, மிளகு போடுகிற குடும்பம். மூத்தவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டாக்டர், என்னைத் தெரியுதா?"

ஒரு நாளைக்கு நூற்றுக்கும் மேல் முகங்களைப் பார்க்கிறோம். தெரியவில்லை. சிரித்து சமாளித்தேன்.

"ஏழு வருஷம் முன்னாடி. தைப்பூசம். மொசாம்பிக் காய்ச்சல்."

தெரிந்துவிட்டது. வயிற்றுக்குள் ஏதோ ஒன்று கீழே இறங்கியது. அதை அப்புறம் சொல்கிறேன்.

அவர் வந்தது தம்பிக்காக. தம்பிக்கு 24 வயது. போர்வெல் ரிக் வண்டியில் ஹெல்பர் வேலை. நம்ம திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியா முழுக்கப் போகும், ஆப்பிரிக்காவுக்கும் போகும். கூடவே நம்ம பசங்களும் போகிறார்கள். இந்தத் தம்பிக்கு அங்கோலாவில் வேலை. 10 மாத ஒப்பந்தம்.

"என்ன ஊசி போடணும்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தோம் டாக்டர்."

நான் முதலில் கேட்டது, "ஃபிளைட் என்னைக்கு?"

"வர்ற திங்கக்கிழமை."

ஆறு நாள்.

"மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டாச்சா?"

தம்பி அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தரையைப் பார்த்தார். கடைசியில் தம்பிதான் சொன்னார். "ஏஜென்ட் கார்டு வாங்கித் தந்துடறேன்னு சொன்னாரு டாக்டர். ஊசி போட்டா காய்ச்சல் வரும், வேலைக்கு ஆகாது, 2,500 குடுத்தா கார்டு மட்டும் வந்துடும்னாரு."

இந்த த்ரெட்டை எழுத உட்கார்ந்ததே இந்த ஒரு வரிக்காகத்தான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். மஞ்சள் காய்ச்சல் வேறு, மஞ்சள் காமாலை வேறு. காமாலை என்பது ஒரு அறிகுறி. கல்லீரல் பாதிப்பு எதுவானாலும் வரலாம். மஞ்சள் காய்ச்சல் என்பது ஒரு தனி வைரஸ் நோய். "கீழாநெல்லி அரைச்சுக் குடிச்சா சரியாயிடும்ல டாக்டர்" என்று கேட்கிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். ஆகாதுங்க.

இதைப் பரப்புவது ஏடிஸ் ஈஜிப்டி கொசு. பெயர் பரிச்சயமாக இருக்கிறதா? நம்ம ஊர் டெங்கு கொசுவேதான். நிறைய பேருக்கு நாலைந்து நாள் காய்ச்சல், உடம்புவலி, வாந்தியோடு போய்விடும். ஒரு சிறு பகுதியினருக்கு மட்டும் காய்ச்சல் விட்டு ஒரு நாள் கழித்து இரண்டாவது சுற்று ஆரம்பிக்கும். கல்லீரலும் சிறுநீரகமும் அடிவாங்கும், ரத்தக்கசிவு வரும். அந்தக் கட்டத்துக்குப் போனவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் 7 முதல் 10 நாளுக்குள் இறந்துவிடுகிறார்கள். இதற்கென்று தனி மருந்து கிடையாது. தடுப்பூசி மட்டும்தான் இருக்கிறது.

இந்தியாவில் இந்த நோய் இதுவரை இல்லை. ஆனால் பரப்புகிற கொசு தெருவுக்குத் தெரு இருக்கிறது, எதிர்ப்புச் சக்தியே இல்லாத 140 கோடி பேர் இருக்கிறோம். ஒருவர் ரத்தத்தில் வைரஸோடு வந்து இறங்கி, அவரை நம்ம கொசு கடித்தால் என்ன ஆகும் என்பதுதான் அரசின் பயம். வீண் பயம் இல்லை. 2015 டிசம்பரில் இதே அங்கோலாவின் தலைநகர் லுவாண்டாவில் மஞ்சள் காய்ச்சல் வெடித்தது. பக்கத்து நாடான காங்கோவுக்கும் பரவியது. தடுப்பூசி இருப்பு போதாமல், 2016இல் கின்ஷாசா நகரத்தில் ஒரு டோஸை ஐந்தாகப் பிரித்துப் போட வேண்டிய நிலைமை வந்தது. அந்தச் சமயத்தில் அங்கோலாவிலிருந்து சீனாவுக்குத் திரும்பிய தொழிலாளர்களில் 11 பேருக்கு மஞ்சள் காய்ச்சல் இருந்தது. ஆசியக் கண்டத்துக்குள் இந்த நோய் வந்து இறங்கியது அப்போதுதான். நல்லவேளை, அங்கே பரவவில்லை.

அந்த 11 பேரும் நம்ம தம்பி மாதிரி வேலைக்குப் போனவர்கள்தான். ஊசி போட்டிருக்க வேண்டியவர்கள்.

தம்பியிடம் இதைச் சொன்னேன். "கார்டு இமிக்ரேஷன் அதிகாரியை ஏமாத்தும் தம்பி. கொசுவை ஏமாத்தாது."

ஊசி போட்ட அன்றே கார்டு கையில் தருவார்கள். ஆனால் அது செல்லுபடியாவது 10 நாள் கழித்துத்தான். உடம்பில் எதிர்ப்புச் சக்தி உருவாக அவ்வளவு நாள் ஆகும். ஆறு நாளில் ஃபிளைட் என்றால் இன்றைக்கே போய்ப் போட்டாலும் கணக்குக்கு வராது. டிக்கெட்டைத் தள்ளிப்போடச் சொன்னேன். அண்ணன் முகம் மாறியது. டிக்கெட் காசு ஏஜென்ட் போட்டிருக்கிறார், தள்ளிப்போட்டால் சம்பளத்தில் பிடிப்பார்கள். அவர்களுக்கு அது சின்னத் தொகை இல்லை. எனக்கும் தெரியும்.

எங்கே போடுவது? எங்க ஆஸ்பத்திரியில் போட முடியாது. எந்த பிஎச்சியிலும் போட முடியாது. மத்திய அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டும்தான். தமிழ்நாட்டில் சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட், சென்னை துறைமுக சுகாதார அலுவலகம், தூத்துக்குடி துறைமுக சுகாதார அலுவலகம். நம்ம பக்கத்துக்கு, மலையை விட்டு இறங்கி மதுரை போனால் தூத்துக்குடிதான் கிட்ட. ஒரு குப்பியில் பல டோஸ் இருக்கும், உடைத்தால் சில மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். அதனால் நினைத்த நேரத்துக்குப் போடமாட்டார்கள். எந்த நாள், எத்தனை மணி என்று முன்பதிவு செய்துகொண்டு, பாஸ்போர்ட்டைக் கையோடு எடுத்துப் போகவும். கார்டில் பாஸ்போர்ட் எண் எழுதி, கையெழுத்தும் மையத்தின் முத்திரையும் இருக்க வேண்டும்.

ஒரு ஊசி போதும், ஆயுளுக்கும். முன்பு 10 வருடம்தான் கணக்கு. 2016 ஜூலை 11 முதல் ஆயுள் முழுவதும் செல்லும் என்று உலக அளவில் விதியை மாற்றிவிட்டார்கள். அதனால் பழைய கார்டு வைத்திருப்பவர்கள் தூக்கிப் போட்டுவிடாதீங்க.

ஒரு சின்ன உபரித் தகவல். இந்த 17டி தடுப்பூசியை உருவாக்கிய மாக்ஸ் தைலர் பிறந்த ஊர் தென் ஆப்பிரிக்காவின் பிரிட்டோரியா. 1951இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அவர் பிறந்த தென் ஆப்பிரிக்காவில் மஞ்சள் காய்ச்சல் கிடையாது!

இது உயிருள்ள, வீரியம் குறைக்கப்பட்ட வைரஸ் தடுப்பூசி. கோழிமுட்டைக் கருவில் வளர்ப்பது. முட்டை சாப்பிட்டால் கடுமையான ஒவ்வாமை வருகிறவர்கள், புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்கள், நீண்டநாள் ஸ்டீராய்டு எடுப்பவர்கள், எதிர்ப்புச் சக்தி மிகக் குறைந்த எச்ஐவி தொற்றாளர்கள், 9 மாதத்துக்குக் கீழ் உள்ள குழந்தைகள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், 60 வயது கடந்தவர்கள் — இவர்கள் அங்கே இருக்கும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லணும். போடக் கூடாது என்று அவர் முடிவு செய்தால் அதற்கும் முறையான விலக்குச் சான்றிதழ் உண்டு. ஏஜென்ட் கார்டு எந்த நிலையிலும் தேவையில்லை.

"தென் ஆப்பிரிக்கா போறோம், எங்களுக்கும் மஞ்சள் காய்ச்சல் ஊசி வேணுமா?" என்று கேட்பவர்களுக்கு: இந்தியாவிலிருந்து நேராகவோ துபாய், தோஹா வழியாகவோ போனால் கேட்கமாட்டார்கள். எத்தியோப்பியா, கென்யா மாதிரி நோய் உள்ள நாடுகள் வழியாகப் போய் அங்கே 12 மணி நேரத்துக்கு மேல் தங்கினால் கேட்பார்கள். திரும்பி வரும்போது இந்தியாவும் கேட்கும். நோய் உள்ள நாட்டிலிருந்து கிளம்பி 6 நாளுக்குள் கார்டு இல்லாமல் இந்தியா வந்து இறங்கினால் தனிமைப்படுத்த அதிகாரம் உண்டு. மலிவு டிக்கெட் எடுக்கும்போது வழியில் எந்த ஊர் என்று பாருங்க. அங்கோலா போகிறவர்களுக்கு இந்த விவாதமே இல்லை. கட்டாயம்.

சரி. இனி ஏழு வருடத்துக்கு முன்னால் நடந்தது.

அப்போது நான் மலைக்கு வரவில்லை. கீழே ஒரு அரசு மருத்துவமனையில் இருந்தேன். தைப்பூசச் சமயம். பழனிக்கு நடந்து போகிற கூட்டம் சாலை முழுக்க. காலில் கொப்புளம், தசைப்பிடிப்பு, வாந்தி பேதி, காய்ச்சல். கேஷுவாலிட்டியில் நிற்க இடம் இருக்காது. அந்தக் கூட்டத்தில் ஒருவர், 28 வயது, காவி வேட்டி, கழுத்தில் மாலை. இரண்டு நாள் காய்ச்சல், தலைவலி, உடம்பெல்லாம் வலி. "காவடி எடுத்துட்டு நடந்தேன் டாக்டர், அந்த அலுப்பு" என்றார். பாராசிட்டமால் எழுதினேன். தண்ணி நிறைய குடிங்க என்றேன். அடுத்த ஆள்.

மறுநாள் அவர் மனைவி கூட்டிவந்தார். ரத்தம் எடுத்ததில் தட்டணுக்கள் 70,000. டெங்கு காலம். டெங்கு வார்டில் படுக்க வைத்தோம். என்எஸ்1 நெகட்டிவ் வந்தது. நெகட்டிவாக இருந்தாலும் டெங்கு இருக்கலாம் என்று நாங்கள் படித்திருக்கிறோம் அல்லவா, அந்தப் படிப்பு அன்றைக்கு என் கண்ணை மறைத்தது. மலேரியாவுக்கு ஸ்மியர் எழுதியிருக்க வேண்டும். காய்ச்சல் என்று யார் வந்தாலும் எழுத வேண்டியது. எழுதவில்லை.

மூன்றாம் நாள் காலை கண் மஞ்சளாக இருந்தது. பேச்சு குழறியது. சிறுநீர் பையில் இறங்கியிருந்தது கட்டங்காப்பி நிறத்தில்.

தட்டணுக்களைக் கண்ணால் எண்ணிப் பார்ப்பதற்காக லேபில் ஒரு ஸ்லைடு போட்டிருந்தார்கள். லேப் டெக்னீஷியன் அக்கா வார்டுக்கே வந்து நின்றார். வழக்கமாக அவர் வரமாட்டார், போன் பண்ணித்தான் சொல்வார்.

"டாக்டர், இந்த ஆளு வெளிநாடு எங்கயாச்சும் போயிட்டு வந்தாரா?"

எனக்குத் தெரியவில்லை. நான் கேட்கவே இல்லை.

மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். சிவப்பணுக்களுக்குள் மோதிரம் மோதிரமாக. ஒரே அணுவுக்குள் இரண்டு, மூன்று. ஃபால்சிபாரம் மலேரியா. புத்தகத்தில் படம் பார்த்ததோடு சரி, அவ்வளவு கூட்டமாக நான் நேரில் பார்த்ததில்லை. அவர் மனைவியிடம் ஓடினேன். "மொசாம்பிக்ல இருந்து வந்து பத்து நாள்தான் டாக்டர் ஆச்சு. பூசத்துக்குன்னு லீவு கேட்டு வந்தாரு."

முதல் டோஸ் ஆர்ட்டிசுனேட் ஊசியைப் போட்டு, 108இல் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினோம். ஐசியூ, டயாலிசிஸ், ரத்தம் என்று மூன்று வாரம். பிழைத்துக்கொண்டார். சிறுநீரகமும் மெல்ல மெல்லத் தேறியது. ஆனால் மொசாம்பிக் வேலை போய்விட்டது, வீட்டு நகை அடகுக்குப் போனது. அவர்தான் இன்று தம்பியோடு என் எதிரில் உட்கார்ந்திருந்த அண்ணன்.

இப்போது மலேரியாவுக்கு வருவோம். ஏனென்றால் அங்கே போகிறவரைக் கொல்ல அதிக வாய்ப்புள்ளது மஞ்சள் காய்ச்சல் அல்ல, இதுதான். இதற்கு விமான நிலையத்தில் யாரும் கார்டு கேட்பதில்லை, அதனால் யாரும் கண்டுகொள்வதும் இல்லை.

நம்ம மலைக்காரர்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர் பக்கம் பிறந்து வளர்ந்தவர்களுக்கு கொசுவலை என்றாலே என்னவென்று தெரியாது. கொசுவுக்குள் ஃபால்சிபாரம் கிருமி வளர்ந்து முடிய ஏறக்குறைய 18 டிகிரிக்கு மேல் வெப்பம் வேண்டும். 7,000 அடி உயரத்தில் அந்த வெப்பம் கிடைப்பது அரிது. 1845இல் அமெரிக்க மிஷன் பாதிரிமார்கள் மதுரையிலிருந்து ஏறிவந்து இங்கே முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டியதே சமவெளி நோய்களில் குடும்பம் குடும்பமாகச் சாகிறோம் என்றுதான். கொடைக்கானல் ஊர் உண்டான கதையே ஒரு முன்னெச்சரிக்கைக் கதை. ஆனால் உயரம் எல்லா இடத்திலும் காப்பாற்றாது. ஜோகன்னஸ்பர்க்கும் உயரத்தில் இருக்கிறது, மலேரியா இல்லை. சாம்பியாவின் லுசாகா 4,000 அடிக்கு மேல் இருக்கிறது, அங்கே உண்டு. "நாங்க மலைக்காரங்க, எங்களுக்கு ஒண்ணும் ஆகாது" என்று தம்பி சொன்னபோது அண்ணனே தலையில் தட்டினார்.

அங்கோலா, மொசாம்பிக், மலாவி முழுக்க மலேரியா உண்டு. சாம்பியாவும் அப்படித்தான். தென் ஆப்பிரிக்காவில் வடகிழக்கு ஓரம் மட்டும், அதாவது லிம்போப்போ, ம்புமலாங்கா, குவாசுலு-நட்டாலின் வடபகுதி. க்ரூகர் பூங்கா அதற்குள் வருகிறது. கேப் டவுன், ஜோகன்னஸ்பர்க், டர்பன் நகரங்களில் பயம் வேண்டாம். டர்பனுக்குச் சொந்தக்காரர்களைப் பார்க்கப் போகிற தமிழ்க் குடும்பங்கள் நிறைய. 1860 நவம்பரில் மதராஸிலிருந்து 'ட்ரூரோ' கப்பலில் கரும்புத் தோட்டத்துக்கு இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் தங்கினால் மலேரியா மாத்திரை வேண்டாம். அவர்களோடு க்ரூகருக்கு சஃபாரி போனால் வேண்டும்.

மலேரியாவுக்குப் பயணிகள் போட்டுக்கொள்ளத் தடுப்பூசி இல்லை. ஆப்பிரிக்காவில் குழந்தைகளுக்குப் போடும் ஊசி வேறு விஷயம். நமக்கு மாத்திரைதான். நோய் வருவதற்கு முன்பே, வராமல் இருக்கப் போடுவது. ஆறு வாரத்துக்குள் திரும்புகிறவர்களுக்கு டாக்சிசைக்ளின், அதற்கு மேல் தங்குகிறவர்களுக்கு மெஃப்ளோகுயின் என்பது நம்ம தேசியத் திட்டத்தின் வழிகாட்டுதல். அடோவாகுயோன்-புரோகுவானில் என்று இன்னொன்று உண்டு, நல்ல மருந்து, ஆனால் விலை அதிகம், எல்லாக் கடையிலும் கிடைக்காது. குளோரோகுயின் வேண்டாம். ஆப்பிரிக்க ஃபால்சிபாரத்துக்கு அதை நம்பிப் போக முடியாது. கொரோனா காலத்தில் வாங்கி வைத்த ஹைட்ராக்சி குளோரோகுயினை எடுத்துக்கொண்டு போகலாமா என்று ஒருவர் கேட்டார். எக்ஸ்பைரியைப் பார்த்தீர்களா என்றுதான் முதலில் கேட்டேன்.

நம்ம தம்பிக்கு 10 மாதம் என்றால் மெஃப்ளோகுயின்தானே கொடுக்கணும்? நானும் எழுதப் போனேன். "சின்ன வயசுல வலிப்பு எதாவது வந்திருக்கா?" என்று கேட்டேன். ஒன்பது வயது வரை வந்திருக்கிறது, மாத்திரை சாப்பிட்டிருக்கிறார். வலிப்பு, மனநலப் பிரச்சினை இருந்தவர்களுக்கு மெஃப்ளோகுயின் கூடாது. என் படிப்பு எம்பிபிஎஸ்தான். தொற்றுநோய்ப் பிரிவில் இருக்கும் சீனியர் ஒருவருக்குப் போன் போட்டுக் கேட்டு, டாக்சிசைக்ளின் என்று முடிவு செய்தோம். தினம் ஒன்று. போவதற்கு ஒன்றிரண்டு நாள் முன் ஆரம்பித்து, திரும்பி வந்தும் நான்கு வாரம் விடாமல். அந்தக் கடைசி நான்கு வாரத்தில்தான் முக்கால்வாசிப் பேர் "அதான் ஊருக்கு வந்தாச்சே" என்று நிறுத்துகிறார்கள். கிருமி கல்லீரலில் இருந்து ரத்தத்துக்கு வருவதே ஊருக்கு வந்த பிறகாக இருக்கலாம்.

டாக்சியைச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு முழுங்கணும், முழுங்கிவிட்டு உடனே படுக்கக் கூடாது. தொண்டைக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கிவிடும். வெயிலில் தோல் கன்றும். ரிக்கில் வேலை செய்பவருக்கு இது சின்னப் பிரச்சினை இல்லை, முழுக்கைச் சட்டை, தொப்பி வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் 8 வயதுக்குக் கீழ் குழந்தைகளுக்கும் இந்த மருந்து கிடையாது. தயவுசெய்து இந்த த்ரெட்டைக் காட்டிக் கடையில் மாத்திரை வாங்காதீங்க. உங்க உடம்பைப் பார்த்து எழுத ஒரு மருத்துவர் வேண்டும். அந்த வலிப்புக் கேள்வியைக் கடைக்காரர் கேட்கமாட்டார்.

மாத்திரை மட்டும் போதாது. மலேரியா கொசு அந்தியிலிருந்து விடியும்வரை கடிக்கும். மருந்து தோய்த்த கொசுவலை, மாலையானால் முழுக்கை, கையில் காலில் கொசுவிரட்டி. நிலவேம்புக் குடிநீர் மலேரியாவைத் தடுக்குமா என்று கமெண்டில் வரப்போகிறது. இப்போதே சொல்லிவிடுகிறேன், அதை நம்பி மாத்திரையை விட்டுவிடாதீங்க.

மற்ற ஊசிகளை வேகமாகப் பார்த்துவிடலாம். தம்பிக்கு டிடி போட்டேன், ஹெபடைட்டிஸ் பி ஆரம்பித்தேன். டைபாய்டு ஊசி வெளியில் போட்டுக்கொள்ளச் சொன்னேன். ஹெபடைட்டிஸ் ஏ நம்மில் பெரியவர்கள் பலருக்குச் சிறுவயதிலேயே வந்து போயிருக்கும். மினரல் வாட்டரில் வளர்ந்த இந்தத் தலைமுறைப் பிள்ளைகளுக்குத்தான் அது தேவைப்படும். மூளைக்காய்ச்சலுக்கான மெனிங்கோகாக்கல் ஊசி ஹஜ் போகிறவர்களுக்குக் கட்டாயம். ஆப்பிரிக்காவில் சஹாராவுக்குத் தெற்கே குறுக்காக ஒரு பட்டை நாடுகள் இருக்கின்றன, அங்கே தேவை. தெற்கு ஆப்பிரிக்கப் பயணிகளுக்குப் பொதுவாக வேண்டாம். பேக்கேஜ் என்று சொல்லி எல்லாவற்றையும் போட்டுவிடும் இடங்களில் இதைக் கேளுங்க.

போலியோ? நமக்குப் போன கதை என்று நினைக்கிறோம். 2022 பிப்ரவரியில் மலாவியில் ஒரு குழந்தைக்கு, மே மாதம் மொசாம்பிக்கில் இன்னொரு குழந்தைக்கு, பாகிஸ்தானில் சுற்றிய அதே வகை வைரஸால் போலியோ வந்தது. குழந்தைகளைக் கூட்டிப் போகிறவர்கள் அட்டவணை ஊசிகள், குறிப்பாக போலியோவும் தட்டம்மையும், முழுசாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளவும்.

காலரா சாம்பியாவில் 2023 கடைசியில் ஆரம்பித்து, லுசாகாவில் ஒரு பெரிய விளையாட்டு அரங்கத்தையே சிகிச்சை மையமாக மாற்றும் அளவுக்குப் போனது. 2025 ஜனவரியில் லுவாண்டாவிலும் ஆரம்பித்தது. ஓஆர்எஸ் பாக்கெட் பத்தாவது பெட்டியில் இருக்கட்டும். ஊறுகாய் பாட்டிலுக்கு இடம் இருந்தால் இதற்கும் இருக்கும்.

நாய் கடித்தால் நம்ம ஊரில் எந்த அரசு மருத்துவமனையிலும் ஊசி உண்டு. ரிக் வண்டி நிற்கிற அத்துவானக் காட்டில் இருக்காது. கிராமப்புறத்தில் மாதக்கணக்கில் தங்குகிறவர்கள் முன்கூட்டியே 0, 7ஆம் நாள் என்று இரண்டு வெறிநாய்க்கடி ஊசி போட்டுக்கொண்டு போவது நல்லது. அப்புறமும் கடித்தால் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு மேலும் இரண்டு டோஸ் போட்டே ஆகணும். ஆனால் இம்யூனோகுளோபுலினைத் தேடி அலைய வேண்டியதில்லை.

குளிப்பது பற்றி ஒன்று. நம்ம பசங்களுக்கு ஓடையைக் கண்டால் இறங்காமல் இருக்க முடியாது. அங்கே ஏரி, ஆற்று நன்னீரில் ஒரு வகை நத்தை, அதற்குள் இருந்து வரும் புழு தோல் வழியாகவே உடம்புக்குள் போய்விடும். பில்ஹார்சியா என்பார்கள். சில வாரமோ மாதமோ கழித்து சிறுநீரில் ரத்தம் போகும். மலாவி ஏரி இதற்குப் பேர் போனது. ஊசி கிடையாது, மாத்திரையில் குணமாகும், ஆனால் அந்தத் தண்ணீரில் குளித்தேன் என்று நீங்கள் சொன்னால்தான் எங்களுக்குத் தோன்றும். அதே மாதிரி புல்வெளியில் நடந்து உண்ணி கடித்துக் காய்ச்சல் வரும், கடித்த இடத்தில் கருப்பாக ஒரு பொருக்கு. நம்ம மலையில் ஸ்க்ரப் டைஃபஸுக்கு அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு என்று தேடுகிறோமே, கிட்டத்தட்ட அதே மாதிரி. மருந்தும் அதே டாக்சிசைக்ளின்தான்.

அப்புறம் அண்ணனைக் கொஞ்சம் வெளியே உட்காரச் சொல்லிவிட்டுத் தம்பியிடம் பேசினேன். உலகத்திலேயே எச்ஐவியோடு வாழ்கிறவர்கள் எண்ணிக்கையில் அதிகம் உள்ள நாடு தென் ஆப்பிரிக்கா. சுற்றியுள்ள நாடுகளிலும் அதிகம். ஆணுறை, தவறிவிட்டால் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டிய மாத்திரை, ரிக்கில் அடிபட்டால் ஊசி புதிதா என்று பார்ப்பது. 10 மாதம் தனியாகப் போகிற பையனிடம் இதை வெட்கப்பட்டுக்கொண்டு விட முடியாது. காது சிவந்து போனது அவருக்கு. கேட்டுக்கொண்டார்.

கடைசியாக ஒரு துண்டுச் சீட்டில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்: "நான் ஆப்பிரிக்காவிலிருந்து வந்திருக்கிறேன். எனக்குக் காய்ச்சல். மலேரியா டெஸ்ட் இப்போதே எடுங்கள்." ஊருக்குத் திரும்பி முதல் மூன்று மாதத்தில் எந்தக் காய்ச்சல் வந்தாலும், மாத்திரை ஒழுங்காகப் போட்டிருந்தாலும், அன்றைக்கே இதைக் காட்டணும். முதல் டெஸ்ட் நெகட்டிவ் என்றால் 12 முதல் 24 மணி நேரத்தில் மறுபடியும் எடுக்கச் சொல்லணும்.

சீட்டை அண்ணன் வாங்கிப் படித்தார். மடித்துத் தன் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டார்.

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. சொல்லிவிட்டேன். "அண்ணே, அன்னைக்கு உங்களை முதல் நாளே நான் கேட்டிருக்கணும். எங்க இருந்து வர்றீங்கன்னு ஒரு வார்த்தை. கேட்டிருந்தா டயாலிசிஸ் வரைக்கும் போயிருக்காது. தப்பு என் பேர்லதான்."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"தெரியும் டாக்டர். டிஸ்சார்ஜ் ஆகி சிலிப்பு வாங்க அங்க வந்தப்ப லேப் அக்கா சொன்னாங்க. நானும் சொல்லலையே. காவடி அலுப்புன்னுதானே சொன்னேன்."

அவ்வளவுதான் பேசினோம். வெளியே அடுத்த சீட்டுக்காரர் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்.

டிக்கெட்டை இரண்டு வாரம் தள்ளிப் போட்டார்கள். சம்பளத்தில் பிடித்தம் உண்டு. தூத்துக்குடி போய் ஊசி போட்டுவிட்டு மஞ்சள் கார்டைப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பினார் தம்பி. ஒரு நாள் லேசான காய்ச்சல், கைவலி. அவ்வளவுதான் வந்தது.

நேற்று லுவாண்டாவிலிருந்து மெசேஜ். மூன்று மாதத்துக்கு வாங்கிக்கொண்டு போன மாத்திரை ஒரு மாதத்திலேயே முடியப் போகிறதாம். கேம்ப் ரூமில் கூட இருக்கும் மூன்று பேருக்கு மாத்திரை இல்லை, ஏஜென்ட் கார்டில் வந்தவர்கள். இவர் பங்கு போட்டுக் கொடுத்திருக்கிறார். "பாவமா இருந்துச்சு டாக்டர். இப்ப என்ன பண்றது?"

நாலு பேர் வயது, எடை, என்ன நோய், என்ன மருந்து சாப்பிடுகிறார்கள் என்று எழுதி அனுப்பச் சொல்லியிருக்கிறேன். கம்பெனி டாக்டர் நம்பரும் கேட்டிருக்கிறேன். இன்னும் ப்ளூ டிக் விழவில்லை.